சம்பளச் சீட்டில் கழிக்கப்படாத 15 வீதம்

டொரொண்டோவில் இருக்கிற சொந்தக்காரருக்கு வேலை போய், அங்குள்ள வேலையிழப்புக் காப்புறுதியைப் பற்றி "ஈ.ஐ. காசு இன்னும் வரேல்ல" என்று வாட்ஸ்அப்பில் அவர் புலம்புவதைக் கேட்ட வீடுகள் கொழும்பில் நிறைய இருக்கும். வேலை செய்த இடம் சேவைக்காலப் பதிவை அனுப்பப் பிந்தியிருக்கும், அல்லது அதில் வேலை நின்ற காரணம் பிழையாக இருக்கும். அவருடைய கோபம் நியாயமானது. அங்கே ஒவ்வொரு சம்பளத்திலும் அந்தக் காப்புறுதிக்கென்றே ஒரு தொகை கழிகிறது. வேலை போனால் ஓர் உச்சவரம்புக்குள் சராசரிச் சம்பளத்தின் 55 வீதம் திரும்பி வரவேண்டும். நம்முடைய சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. தனியார் துறையில் வேலை போனவருக்கு மாதாமாதம் கொடுக்கிற உதவித்தொகை இலங்கையில் இல்லை. இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "ஏன், ஈ.பி.எஃப். இருக்குத்தானே?"

இந்தப் பதில்தான் நெடுநாளாக உறுத்துகிறது. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, ஆனால் வேலை போன மாதத்துக்கு அது உதவாது. உதவக்கூடியவை வேறு இரண்டு மூன்று. அவற்றின் அளவைத் தீர்மானிப்பது சம்பளச் சீட்டில் யாரும் கவனிக்காத ஒரு மூலை. மாதக் கடைசியில் எல்லோரும் பார்ப்பது கழிவுகளின் கூட்டுத்தொகையையும் கைக்கு வருகிற தொகையையும்தான். கழிக்கப்படாமல், முதலாளி தன் பையிலிருந்து ஈ.பி.எஃபுக்குப் போடவேண்டிய 12 வீதமும் இன்னொரு நிதியான ஈ.டி.எஃபுக்குப் போடவேண்டிய 3 வீதமும் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. வேலை போகிற அன்று பேசுவது அந்த மூலைதான்.

எந்தக் காசு, எப்போது

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃபுக்கு, உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்க வேண்டும். முதலாளி 12 வீதம் சேர்த்து மொத்தம் 20 வீதமாகக் கட்டவேண்டும். இந்தக் காசை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன்னர் எடுக்க வழிகள் உண்டு: நிரந்தரமாக நாட்டை விட்டுப் போவது, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமற் போவது, ஓய்வூதியமுள்ள அரசாங்க வேலையில் சேர்வது, திருமணத்தின் காரணமாகப் பெண் ஒருவர் வேலையை விடுவது போன்றவை. 10 வருடச் சேவையும் 3 இலட்சத்துக்கு மேல் மீதியும் உள்ளவர்கள் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கிற திட்டமும் இருக்கிறது. "ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது" என்பது மட்டும் இந்த வரிசையில் இல்லை. 38 வயதில் வேலை போனவர் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போய் வரிசையில் நின்று கேட்டாலும் கிடைக்கிற பதில் இதுதான்.

1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.டி.எஃப்., வேறு மாதிரி. இதில் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கக்கூடாது, முழு 3 வீதமும் முதலாளியுடையது. சீட்டில் ஈ.டி.எஃப். கழிவுப் பக்கத்தில் இருந்தால் அது பிழை, அன்றைக்கே கேட்கவேண்டிய கேள்வி. வேலையை விட்டதும் இந்த நிதியில் சேர்ந்த காசை எடுக்கலாம், வயது ஒரு பொருட்டல்ல. ஆனால் இன்னோரிடத்தில் வேலையில் சேர்ந்துகொண்டே எடுப்பவருக்கு அடுத்த தடவை ஐந்து வருடம் கழித்துத்தான். ஆகவே இரண்டு வருடச் சேவைக்கான சின்னத் தொகைக்காக அவசரப்பட்டு அந்த ஒரு தடவையைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கையில் வேறு காசே இல்லை என்றால் மட்டும் எடுக்கலாம்.

தாமதம் எங்கே வருகிறது? இரண்டு நிதிகளுக்கும் ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டினால் போதும். ஓகஸ்ட்டில் வேலையை விட்டவருடைய ஓகஸ்ட் காசு செப்டெம்பர் முடிவில்தான் போய்ச்சேரும். செப்டெம்பர் 10ஆம் திகதி கணக்கைப் பார்த்துவிட்டு "கட்டேல்ல" என்று சண்டைக்குப் போவது வீண். இரண்டாவது காரணம் சிக்கலானது. நிறுவனம் மொத்தமாகக் கட்டுகிற காசு ஒரு பக்கம், யாருக்கு எவ்வளவு என்ற ஆள்வாரி விபரம் இன்னொரு பக்கம். ஈ.பி.எஃபுக்கு அந்த விபரம் சி படிவத்தில் மாதாமாதம் போகவேண்டும். ஈ.டி.எஃபில் பல நிறுவனங்கள் ஆள்வாரி அறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகின்றன. காசு போய்விட்டது, பெயர் போகவில்லை என்றால், பணம் நிதிக்குள் இருந்தும் உங்கள் கணக்கில் ஏறாது. முதலாளி "நாங்க கட்டிட்டம்" என்பார், நிதிக்காரர் "உங்கட பேருக்கு வரேல்ல" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

இதை உடைக்க இரண்டு தாள் போதும்: சந்தேகமுள்ள மாதத்துக்கான சி படிவத்தில் உங்கள் பெயரும் உறுப்பினர் இலக்கமும் உள்ள பக்கத்தின் பிரதி, அதோடு அந்த மாதப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு. கணக்குப் பிரிவில் இருக்கிற பிள்ளையிடம் வேலையில் இருக்கும்போதே கேட்டால் ஐந்து நிமிட வேலை. விட்டுப் போனபிறகு கேட்டால் "மனேஜரிட்ட கேக்கணும்" என்று இழுபடும்.

காசே கட்டாமல் விட்டிருந்தால் கதை வேறு. 8 வீதத்தை உங்களிடம் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது சின்ன நிறுவனங்களில் நடக்கிறது, பெயர்போனவற்றிலும் நெருக்கடிக் காலத்தில் நடக்கிறது. சம்பளச் சீட்டில் கழிவு தெரிவது பணம் போய்ச்சேர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. மத்திய வங்கி அனுப்புகிற உறுப்பினர் கணக்கறிக்கையை உறை பிரிக்காமலே லாச்சிக்குள் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைத்தான் முதலில் விடவேண்டும். பிந்திக் கட்டுகிற முதலாளிக்குத் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் உண்டு. முறைப்பாடு போனால் தொழில் அலுவலர் விசாரித்து, கட்டாத தொகையைக் கணித்து, கடைசியில் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி அபராதம் அறவிடுவதைப்போல அறவிடலாம். முறைப்பாட்டை உங்கள் வீடு இருக்கிற இடத்தில் கொடுப்பதில் பயனில்லை. வேலைத்தலம் எந்தத் தொழில் அலுவலகத்தின் பிரிவுக்குள் வருகிறதோ அங்கேதான் கோப்பு திறக்கும். வத்தளையில் இருந்துகொண்டு கொள்ளுப்பிட்டியில் வேலை செய்தவர் கொழும்புப் பக்கம்தான் போகவேண்டும்.

பேசிக்கும் அலவன்ஸும்

ஒரு லட்சம் ரூபா சம்பளம் என்று சேர்கிறார் ஒருவர். நியமனக் கடிதத்தில் பேசிக் 40,000, மிச்ச 60,000 போக்குவரத்து, வருகை ஊக்குவிப்பு, செயற்றிறன் என்று மூன்று நான்கு அலவன்ஸாகப் பிரிந்திருக்கும். ஈ.பி.எஃப். 40,000க்கு மட்டும் என்றால் கழிவது 3,200 ரூபா. ஒரு லட்சத்துக்கும் கழித்திருந்தால் 8,000. கைக்கு மாதம் 4,800 ரூபா கூட வருகிறது, ஆகவே யாரும் முறைப்பட மாட்டார்கள், சந்தோஷமும் படுவார்கள். அதே பிரிப்பால் முதலாளி மிச்சம் பிடிப்பது 12 வீதத்தில் 7,200, 3 வீதத்தில் 1,800, சேர்த்து மாதம் 9,000 ரூபா. ஒரு வருடத்தில் ஒரு ஆளுக்கு 1,08,000.

எல்லா அலவன்ஸும் இப்படித் தப்பலாம் என்பது சரியல்ல. சட்டம் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, விசேட வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, அவற்றை ஒத்த கொடுப்பனவுகள், விடுமுறை நாளுக்கான சம்பளம், சாப்பாட்டின் பெறுமதி ஆகியவற்றையும் உழைப்பு வருமானமாக எடுக்கிறது. ஓவர்டைம் அதற்குள் வராது. பில் காட்டி வாங்குகிற பயணச் செலவு வராது. ஆனால் எல்லோருக்கும், எல்லா மாதமும், ஒரே தொகையாகக் கொடுக்கிற ஒன்றுக்கு "ஊக்குவிப்பு" என்று பெயர் வைத்தால் மட்டும் அது ஊக்குவிப்பு ஆகிவிடாது. தொழில் அலுவலர் பெயரை விட்டுவிட்டுக் கொடுக்கிற விதத்தைப் பார்க்கலாம். முறைப்பாடு கொடுக்கிறவர்கள் இந்தப் பகுதியை எழுதாமலே விடுகிறார்கள். கட்டாத மாதங்களை மட்டும் எழுதுவார்கள், குறைத்துக் கட்டிய மாதங்களை எழுத மாட்டார்கள்.

வேலையை விடும்போது முதலாளி கொடுக்கவேண்டிய பணிக்கொடையில் இந்தப் பிரிப்பு இன்னும் ஆழமாக வெட்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு 14 நாட் சம்பளம். கணக்கிற்கு எடுப்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவு சார்ந்த கொடுப்பனவும்தான். மேலே சொன்னவர் ஒன்பது வருடம் எட்டு மாதம் வேலை செய்திருந்தால் எட்டு மாதம் கணக்கில் வராது. 20,000ஐ ஒன்பதால் பெருக்கினால் 1,80,000. முழு ஒரு லட்சமும் பேசிக்காக இருந்திருந்தால் 4,50,000. மாதம் கூடுதலாகக் கைக்கு வந்த 4,800 ரூபாவின் உண்மை விலை அந்த 2,70,000 ரூபாவிலும் சேர்ந்திருக்கிறது.

பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மிகைக்கட்டணம். "கம்பனி நட்டத்தில ஓடுது" என்பது சட்டத்தில் உள்ள காரணம் அல்ல. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் போன்ற காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டிருந்தால் மட்டும், அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும், நிறுத்தி வைக்கலாம். 15 பேருக்குக் குறைந்த கடை, அலுவலகங்களில் வேலை செய்தவர்கள் "எங்களுக்குப் பணிக்கொடையே இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வேலைத் தகராறுகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையில் கேட்கலாம்.

அந்தக் கடிதம்

இதுவரை சொன்னவற்றுக்கு மேலே வரவேண்டிய ஒரு பெரிய தொகையை ஒரே ஒரு தாள் இல்லாமற் செய்துவிடுகிறது. ஆட்குறைப்பு என்று முடிவானதும் மனிதவளப் பிரிவில் கூப்பிடுவார்கள். தேநீர் வரும். குரல் மிக அன்பாக இருக்கும். "தங்கச்சி, நீங்களாவே ஒரு ரெசிக்னேஷன் லெட்டர் தந்தா உங்களுக்குத்தான் நல்லது. டெர்மினேஷன் எண்டு ஃபைல்ல போனா அடுத்த இடத்துல கேப்பாங்க." கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கும். "தனிப்பட்ட காரணங்களுக்காக, என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். கையெழுத்து வைத்தால் அன்றைக்கே சம்பளமும் சேவைச் சான்றிதழும் தருவதாகச் சொல்வார்கள். மாதச் சம்பளமும் சேவைக் கடிதமும் எப்படியும் தரவேண்டியவை.

அந்தக் கையெழுத்தால் போவது என்னவென்று பாருங்கள். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறெதற்காகவும், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆணையாளர் அனுமதித்தால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 2.5 மாதச் சம்பளம், ஆறு முதல் 14ஆவது வருடம் வரை 2 மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, 25 முதல் 34 வரை அரை மாதம். உச்சவரம்பு 25 இலட்சம் ரூபா. ஒன்பது வருடக்காரருக்கு 12.5உம் 8உம் சேர்த்து 20.5 மாதச் சம்பளம். நாம் இல்லையென்று வருந்துகிற வேலையில்லாக் கொடுப்பனவுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் மிக நெருக்கமானது இதுதான். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற ஒரு வரி அதை வெறும் இராஜினாமாவாக ஆக்கிவிடுகிறது.

சண்டை பிடிக்கத் தேவையில்லை. "மேடம், ஒரு நாள் டைம் தாங்க, வீட்டில காட்டிட்டு வாறன்" என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தால் போதும். நிறுத்துவது நிறுவனம் என்றால் நிறுவனமே எழுதட்டும். விருப்ப ஓய்வு என்று தொகை பேசினால், அந்தத் தொகையைச் சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பணிக்கொடை அதற்குள் அடக்கமா வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடையையும் இழப்பீட்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே பெரிய இலக்கமாகக் காட்டுவது பழைய வித்தை. ஒழுக்காற்றுக் காரணம் என்று நிறுத்தினாலும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஆணையாளரிடம் போவதற்கும் தொழில் நியாய சபைக்கும் ஆறு மாதம்தான் அவகாசம். "பாப்பம், கம்பனி திரும்பக் கூப்பிடும்" என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைக் கடத்தியவர்களைத்தான் அதிகம் காண்கிறோம்.

பெயர்ச் சிக்கல்

கோட்டையிலிருந்து 103ஆம் இலக்க பஸ்ஸில் நாரஹேன்பிட்டியில் இறங்கி, சரியான படிவமும் கொண்டு போனவரைக்கூடத் திருப்பி அனுப்புவது பெயர். இது தமிழருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால்: சுப்பையா சிவகுமாரன். சம்பள மென்பொருளில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதால் யாரோ ஒருவர் அதை எஸ். சுப்பையா என்று ஏற்றியிருப்பார். கணக்கில் ஐந்து வருடம் மகன் உழைத்தது தகப்பன் பெயரில் கிடக்கும். ஞானசேகரன் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஜி (G) எழுத்தில் தொடங்குவார், இன்னோரிடத்தில் என் (N) எழுத்தில் தொடங்குவார். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தைக் கணவன் பெயருக்கு மாற்றிய பெண்களுக்கு வங்கிக் கணக்கு ஒரு பெயரிலும் நிதிக் கணக்கு இன்னொரு பெயரிலும் இருக்கும். காசு வங்கிக்கு நேரே போவதால் அந்த இரண்டும் பொருந்தாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கத்திலும் இதே தொல்லை. பழைய ஒன்பது இலக்கமும் வீயும் உள்ள அட்டையில் சேர்ந்தவர் இப்போது 12 இலக்க அட்டையோடு போவார். இரண்டும் ஒரே ஆள்தான்: முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி வீயை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வரும். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதி, பழைய அட்டையின் பிரதியையும் இணைத்தால் கவுண்டரில் பேச்சுக் குறையும். பெயரைத் திருத்த நிறுவனத்தின் கடிதம், பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி என்று போகும். நிறுவனம் மூடிப்போனபிறகு அந்தக் கடிதத்தை யாரிடம் வாங்குவது? வேலையில் இருக்கும்போதே வருடத்துக்கு ஒருதரம் கணக்கறிக்கையில் பெயரைப் பார்ப்பது இதற்காகத்தான். வேலை மாறும்போதெல்லாம் புது உறுப்பினர் இலக்கம் கிடைப்பதால், பழைய நிறுவனங்களின் இலக்கங்களையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரக்கூடிய வரி

கழிவுப் பக்கத்தில் மிச்சமிருக்கிற இரண்டில் ஒன்று முத்திரைக் கட்டணம். 25 ரூபா, அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை. மற்றது ஏ.பி.ஐ.டி., அதாவது மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கிற வருமான வரி. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 1,50,000 வரை வரியில்லை, அடுத்த 83,333க்கு 6 வீதம், அதற்கடுத்த 41,667க்கு 18 வீதம், பிறகு 24, 30, 36 என்று ஏறும். ஈ.பி.எஃபுக்குக் கழித்த 8 வீதத்துக்கு வரிவிலக்கு இல்லை, கழிப்பதற்கு முன் உள்ள தொகைக்கே வரி.

மாதச் சம்பளத்தில் கழித்தாலும் வரி வருடக் கணக்கு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 18 இலட்சம்தான் எல்லை. மாதம் 2,50,000 வாங்கிய ஒருவருக்கு ஓகஸ்ட்டோடு வேலை போனது என்று வையுங்கள். மாதம் 8,000 வீதம் ஐந்து மாதத்தில் 40,000 ரூபா வரி கழிந்திருக்கும். அவருடைய ஐந்து மாதச் சம்பளம் 12,50,000. மார்ச் வரை வேறு வருமானம் வராவிட்டால் அவர் வரி கட்டவே வேண்டியவர் அல்ல, அந்த 40,000 முழுவதும் அவருடையது. ஆனால் தானாக வராது. போகும்போது நிறுவனத்திடம் கழித்த வரியைக் காட்டுகிற டி-10 சான்றிதழை வாங்கி, வரி இலக்கத்தோடு வருடம் முடிந்தபின் நவம்பர் 30க்குள் இறைவரித் திணைக்களத்துக்கு வருமான அறிக்கை போட்டு மீளளிப்புக் கேட்கவேண்டும். பணிக்கொடைக்குத் தனி வீதம், ஒரு கோடி வரை பூச்சியம், அதை இந்தச் சம்பளக் கணக்கோடு கூட்டக்கூடாது.

பணிக்கொடையை நிலையான வைப்பில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வட்டியில் வங்கி இப்போது 10 வீதம் வரி பிடிக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வரி இலக்கத்தைக் குறிப்பிட்டு வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வேலை போன வருடத்தில் பலர் இந்த எல்லைக்குள் வருவார்கள். வைப்பைத் திறக்கிற அன்றைக்கே கொடுப்பது நல்லது, ஏனென்றால் பிடித்துவிட்ட வட்டி வரிக்கும் அதே மீளளிப்பு வரிசைதான்.